பழைய ஆடையும் புதிய சந்தையும்

திருப்பூரில் தைத்து முடிந்த பனியன் நேரே பெட்டிக்குள் சென்றுவிடுவதில்லை. முதலில் அது செக்கிங் மேசைக்கு வருகின்றது. குழல்விளக்கின் கீழ் நின்று பெண்கள் ஒவ்வோர் ஆடையையும் விரிப்பர், புரட்டுவர், உள்பக்கத்தை வெளியே திருப்பித் தையலை விரலால் தடவிப் பார்ப்பர். எங்கேனும் தையல் விட்டிருந்தாலும், எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும், ஊசித்துளை விழுந்திருந்தாலும் அவ்விடத்தில் அம்புக்குறி வடிவில் அமைந்த சிறு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவர். பின்னர் அதைக் கையில் எடுப்பவர் தேட வேண்டியதில்லை. குறை இருக்கும் இடத்தை அம்பே காட்டிவிடும். சீராக்கத் தக்கது சீராக்கப்படும். கறை போகக்கூடியது துடைக்கப்படும். எதற்கும் இசையாதது தனியே ஒதுக்கப்படும். இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்டதை அனுப்பும் ஊர் அது. அந்நிலையை அடைந்ததற்குக் காரணங்கள் பல. குறையை மறைக்காமல் அதன்மேல் அம்பை ஒட்டும் வழக்கமும் அவற்றுள் ஒன்று.

ஒதுக்கப்பட்ட ஆடைகளும், வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து மிஞ்சியவைகளும் காதர்பேட்டைக் கடைகளை அடைகின்றன. அங்கே நடைபெறும் பேரத்தைச் சிறிது நேரம் நின்று கேட்டால் ஓர் உண்மை விளங்கும். வாங்க வந்த பெண் சட்டை ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடிக்கிறாள். “ஏனுங்கண்ணா, கழுத்துப் பட்டி கோணலா இருக்குதுங்களே?” என்கிறாள். “அதுக்குத்தானுங்கம்மிணி இந்த விலை, நல்லதா இருந்தா இந்நேரம் கப்பலேறிப் போயிருக்குமுங்களே!” என்று கடைக்காரர் விடையிறுக்கிறார். இரண்டே சொற்றொடர்களில் குறையும் விலையும் ஒருங்கே பேசப்பட்டுவிட்டன. குறையை விற்பவரும் அறிவார், வாங்குபவரும் அறிவார், ஆகவே அங்கே ஏமாற்றுக்கு இடமில்லை.

ஒருவர் உடுத்துக் கழித்த துணியின் வாணிகமும் இத்தகையதே. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகக் கூவி வருவது தமிழ்நாட்டில் நெடுங்காலம் கண்ட காட்சி. அவர்கள் புடவையை வாங்கியவுடன் மடித்து வைத்துவிடுவதில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்து இழை நைந்துள்ளதா என்று பார்ப்பர். சரிகையை நகத்தால் சுரண்டுவர். முந்தானையில் கிழிசல் இருக்கிறதா என்று தேடுவர். அதன் பிறகே கிண்ணமா, குண்டாவா என்ற பேச்சு எழும். வீட்டுக்காரி மட்டும் இளைத்தவளா? அவளும் பாத்திரத்தைத் தட்டி ஓசை கேட்பாள். அடியைப் புரட்டிப் பார்ப்பாள். இருவர் கண்ணும் இருவர் கையும் அந்த வாணிகத்தைக் காத்து நின்றன.

இன்று அந்தத் தெரு கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. குழந்தைக்குச் சிறிதாகிப்போன கவுன், திருமணத்திற்கு ஒரு முறை உடுத்திய பட்டுப்புடவை, உடம்பு பெருத்ததால் பெட்டியிலேயே கிடக்கும் காற்சட்டை ஆகிய எல்லாம் அங்கே படமாக ஏற்றப்பட்டு விலை கூறப்படுகின்றன. இதனை ஒரு குறையாகக் கூறுவது தவறு. ஒரு பருத்திச் சட்டை உருவாவதற்குப் பருத்தி விளைவது முதலாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று உலக வனவிலங்கு நிதியம் கூறியுள்ளது. சாய நீரால் நொய்யல் ஆறு கெட்டதையும், ஒரத்துப்பாளையம் அணை பாழ்பட்டதையும், 2011-ஆம் ஆண்டு சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் அறிந்தவர்கள், ஓர் ஆடை இரண்டாவது உடம்பையும் அலங்கரிப்பதை மகிழ்ச்சியோடு வரவேற்பர். பழைய ஆடையை உடுப்பது இழிவு என்னும் எண்ணமும் மெல்ல மறைந்து வருகின்றது. நன்மை இவ்வளவு உள்ள சந்தையை, கள்வர் சிலர் இருக்கின்றனர் என்பதற்காக மக்கள் கைவிட்டு ஓடுவது முறையன்று. கள்வரை அடையாளம் காணக் கற்பதே முறை.

அடையாளம் காண்பது எப்படி? விலையைப் பார், முகவரியைப் பார், எழுத்துப் பிழையைப் பார் என்று பலர் பல கூறுவர். அவையெல்லாம் ஓரளவே பயன்படும். கள்வனும் பிழையின்றி எழுதக் கற்றுக்கொண்டுவிட்டான். அவனால் செய்ய இயலாத செயல் ஒன்று உண்டு. குறையைக் காட்டு என்றால் அவனால் காட்ட இயலாது. ஏனெனில் அவனிடம் ஆடை இல்லை. ஆடையின் படம் மட்டுமே இருக்கின்றது. அந்தப் படமும் வேறொருவருடைய பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

பெருமாநல்லூர்ப் பக்கத்தில் வாடகை வீட்டில் வாழும் தையல் தொழிலாளி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். தங்கையின் திருமணத்திற்கு நல்ல பட்டுப்புடவை ஒன்று வேண்டும். புதியது வாங்கக் கையில் பொருளில்லை. கைப்பேசியில் ஒரு படம் வருகின்றது: அரக்கு நிறம், அகன்ற கரை, “ஒரே முறை உடுத்தியது.” விலையோ கடை விலையில் எட்டில் ஒரு பங்கு. அவள் செய்தி அனுப்பியவுடன் விடை வருகின்றது: “சிஸ்டர், இதை மூணு பேர் கேட்டுட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல பணம் போட்டீங்கன்னா உங்களுக்கே எடுத்து வைக்கிறேன்.” இந்த ஐந்து நிமிடந்தான் கள்வனுடைய முதலீடு முழுவதும். சிந்திக்கும் நேரத்தை அவன் பறித்துக்கொள்கிறான். பணத்தை அவள் தானே கொடுத்துவிடுகிறாள்.

அந்த ஐந்து நிமிடத்தில் அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: “அக்கா, புடவையின் உள்பக்கத்தையும் ஃபால்ஸ் தைத்த ஓரத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பக்கத்தில் ஒரு தாளில் இன்றைய தேதியை எழுதி வையுங்கள்.” உண்மையான விற்பனையாளர் இதனைத் தொல்லையாகக் கருதமாட்டார். ஒரு முறை உடுத்திய புடவையில் ஃபால்ஸ் ஓரத்தில் மண் படிந்திருக்கும். கொசுவம் மடித்த தழும்பு இருக்கும். ஊக்குக் குத்திய இடம் தெரியும். அவற்றை அவர் படமெடுத்து அனுப்புவார். ஒருகால், “இடுப்புப் பக்கத்தில் ஒரு சிறு கறை இருக்கிறது, முன்னரே சொல்லிவிடுகிறேன்” என்றும் கூறுவார். கள்வனோ, “நம்பிக்கை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்” என்று சினந்துகொள்வான். அல்லது முன்னைய படத்தையே மீண்டும் அனுப்புவான். பழைய ஆடைக்கு ஒரு குறையேனும் இருந்தே தீரும். குறையே இல்லாத பழைய ஆடை என்று ஒன்று சந்தைக்கு வந்தால், அங்கே அம்பு ஒட்ட வேண்டிய இடம் ஆடை அன்று, ஆளே.

விலையைப் பற்றியும் திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். அந்த ஊரில் வெட்டி வீசிய பனியன் துண்டுகூட வீணாவதில்லை. ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் அது நிறம் பிரித்துக் கிலோக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு பகுதி எந்திரம் துடைக்கச் செல்கிறது. மற்றொரு பகுதி மீண்டும் பஞ்சாக்கப்பட்டு நூலாகிறது. துண்டுக்கே ஒரு விலை உண்டு என்றால், முழுச் சட்டையை அதனினும் தாழ்ந்த விலைக்கு ஒருவர் ஏன் விற்க வேண்டும்? “திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், மூட்டையாக எடுத்தால் பாதிக்குப் பாதி” என்று வரும் விளம்பரங்களைக் கண்டு வெளியூர்ச் சிறு வணிகர்கள் முன்பணம் கட்டிவிடுகின்றனர். மூட்டை வருவதே இல்லை. வந்தால் அதற்குள் கந்தல் இருக்கின்றது. பொருள் கைக்கு வந்த பின் பணம் தரலாம் என்னும் முறையிலும் முழுக் காப்பு இல்லை. பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகே பொதியைப் பிரிக்க முடிகின்றது. பெரிய கொள்முதல் செய்பவர் ஒரு நாள் பயணச் செலவைப் பாராமல் காதர்பேட்டைக்கே வந்து, மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல். வர இயலாதவர் விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்கலாம். அது 15 இலக்கமும் எழுத்தும் கொண்டது. தமிழ்நாட்டில் பதிவானது என்றால் 33 என்று தொடங்கும். அந்த எண்ணை அரசின் தளத்தில் இட்டால் பதிவானவர் பெயர் தெரியும். அந்தப் பெயரும், பணம் அனுப்பும்போது கைப்பேசியில் தோன்றும் வங்கிக் கணக்கின் பெயரும் வேறுவேறாக இருப்பின், ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். சிறு விற்பனையாளர் எல்லாரும் இவ்வெண்ணைப் பெற்றிருப்பதில்லை. எண் இல்லாதவர் கள்வர் என்று கொள்ளுதல் பிழை. எண்ணைக் காட்டுபவர் காட்டியது அவருடையதுதானா என்று பார்த்தலே கருத்து.

வாங்குபவரே ஏமாறுவர் என்று எண்ணியிருந்தவர்களுக்கு மற்றொரு களவு வியப்பளிக்கும். இங்கே ஏமாறுபவர் விற்பவர். ஒருத்தி தன் பழைய பட்டுப்புடவையை விற்க விளம்பரம் செய்கிறாள். உடனே ஒருவர் அழைக்கிறார். பேரம் பேசுவதே இல்லை. கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்கிறார். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகவும், இடமாற்றம் வந்துவிட்டதால் நேரில் வர இயலவில்லை என்றும் கூறிச் சீருடைப் படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்புகிறார். பின்னர் ஒரு கியூ.ஆர். குறி வருகின்றது. “மேடம், இதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போட்டீங்கன்னா பணம் உங்க கணக்குக்கு வந்துடும்” என்கிறது குரல். அவள் அவ்வாறே செய்கிறாள். பணம் வரவில்லை, போய்விட்டது. இராணுவத்தினர் போல் நடித்து இவ்வாறு ஏமாற்றுவோரைப் பற்றிக் காவல்துறையினர் பல மாநிலங்களில் எச்சரித்துள்ளனர்.

இந்தக் களவு புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கோவலனும் ஒரு வகையில் பழைய அணி ஒன்றை அயலூரில் விற்கச் சென்றவனே. மதுரை வீதியில் அவனுக்கு எதிரே பொற்கொல்லன் ஒருவன் வந்தான். தனியே வரவில்லை, நூறு கொல்லர் பின்னே வர வந்தான், உடம்பில் சட்டை அணிந்திருந்தான். அக்கோலத்தைக் கண்ட கோவலன், இவன் பாண்டியனிடம் சிறப்புப் பெற்றவன் என்று தானே முடிவு செய்துகொண்டான். வேறொருவரை வினவவில்லை, இன்னொரு கடைக்குச் செல்லவுமில்லை. சட்டையும் பின்வந்த கூட்டமுமே அவனுக்குச் சான்றாயின. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவனே என்பதைக் கோவலன் அறிந்திலன். இன்றைய கைப்பேசியிலும் ஒருவருக்குப் ‘பின்தொடர்வோர்’ எத்தனை ஆயிரம் என்று எண் காட்டப்படுகின்றது. அவ்வெண்ணைக் காசுக்கு வாங்கலாம் என்பதைப் பலர் அறியார்.

கோவலனுக்கு இல்லாத ஒரு வசதி இன்று விற்பவருக்கு உண்டு. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய யூ.பி.ஐ. முறையில், பணத்தைப் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. அந்த எண் பணம் கொடுப்பதற்கு மட்டுமே உரியது. வீட்டுக்கதவின் சாவியைப் போன்றது அது. வெளியிலிருந்து கடிதம் ஒன்றைக் கதவிடுக்கில் போடுபவருக்குச் சாவி எதற்கு? சாவியைக் கேட்பவர் கடிதம் கொண்டு வந்தவர் அல்லர். அவ்வாறே, பணம் அனுப்பிவிட்டதாக ஒருவர் அனுப்பும் படம் பணமாகாது. வந்ததாகத் தோன்றும் குறுஞ்செய்தியும் பணமாகாது. தம் வங்கிக் கணக்கைத் தாமே திறந்து பார்த்து, தொகை ஏறியிருக்கிறது என்று கண்ட பிறகே பொதியைக் கொரியரிடம் தர வேண்டும். “தவறுதலாக ஒரு சுழி கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்று அழுபவரிடத்தும் அதே நிதானம் வேண்டும்.

முழுக் கள்வரைப் பற்றிப் பேசும்போது அரைக் கள்வரை விட்டுவிடலாகாது. கிழிசலை மடிப்புக்குள் மறைத்துப் படமெடுக்கும் குடும்பப் பெண்ணும், காதர்பேட்டையில் வாங்கிய சாதாரணப் பனியனில் வெளிநாட்டு நிறுவனத்தின் லேபிளைத் தைத்து விற்கும் இளைஞரும், புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு தம் பழைய சட்டையைத் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளரும் தம்மை நல்லவர் என்றே எண்ணிக்கொண்டிருக்கின்றனர். பொதியைப் பிரிக்கும்போது அறுபடாத ஒளிப்படம் எடுத்து வைப்பது இவர்களுக்கு எதிரான எளிய காப்பு.

சட்டம் என்ன செய்கிறது? 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. புகார் வந்த 48 மணி நேரத்திற்குள் அதனைப் பெற்றுக்கொண்டதாக அறிவிக்க வேண்டும், ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும் என்று அவை வணிகத் தளங்களுக்குக் கட்டளையிடுகின்றன. ஆயினும் தொழிலாக அன்றித் தம் சொந்தப் பொருளை எப்போதேனும் விற்கும் தனி மனிதருடைய செயலுக்கு அவ்விதிகள் பொருந்தா. பழைய புடவை வாணிகத்தின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நடைபெறுகின்றது. அங்கே துணை நிற்பது பழைய சட்டமே. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வருணித்து விற்ற பொருள் அந்த வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று கூறுகிறது. ஆகவே விற்பவர் எழுதிய சொற்களையும் அனுப்பிய படங்களையும் அழிக்காமல் வைத்திருத்தல் வேண்டும். இணையவழிப் பண மோசடியைத் தெரிவிக்க அரசு வைத்துள்ள தொலைபேசி எண்ணும் அதே 1930-ஆக அமைந்தது தற்செயலே. நினைவில் வைக்க உதவும். பணம் போன உடனே அவ்வெண்ணை அழைத்தால், கள்வன் எடுப்பதற்கு முன் வங்கியில் அதனை நிறுத்தி வைக்க வழியுண்டு. மறுநாள், அதற்கு மறுநாள் என்று தள்ளினால் பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும்.

தள்ளுவதற்குக் காரணம் சோம்பல் அன்று, நாணம். “படித்த பெண், இதுகூடத் தெரியாதா?” என்று வீட்டில் கேட்பார்கள், “பழைய துணி வாங்கவா இவ்வளவு ஆசை?” என்று அண்டை வீட்டார் நகைப்பார்கள். திருடு போன வீட்டுக்காரரைக் கண்டால் ஊரார் இரங்குகின்றனர். ஏமாந்தவரைக் கண்டால் மட்டும் சிரிக்கின்றனர். இந்தச் சிரிப்புக்கு அஞ்சி வாய் மூடுபவர் ஒவ்வொருவரும் கள்வனுக்கு அடுத்த ஆளைத் தேடிக்கொள்ள அவகாசம் தருகின்றனர். இழப்பு அவரோடு நிற்பதுமில்லை. வேலைக்குப் போக இயலாமல் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தபடியே மிஞ்சிய ஆடைகளையும் பழைய உடைகளையும் விற்றுப் பிழைக்கும் பெண்கள் திருப்பூரிலும் அவிநாசியிலும் பல்லடத்திலும் உள்ளனர். “திருப்பூரா? வேண்டாம், முன்பே ஏமாந்துவிட்டோம்” என்று வெளியூரார் விலகும்போது, எந்தத் தவறும் செய்யாத அவர்களுடைய மாதக் கடைசி அடுப்பு எரிவதில் இடர் நேர்கின்றது.

வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டும் என்று கூறிவிட்டுச் சந்தையை நடத்துபவர்கள் ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது. ஊர்ச் சந்தையில் சுங்கம் வாங்குபவர் தராசைச் சோதிக்கவும் கடமைப்பட்டவர். இன்ஸ்டாகிராமில் பல கணக்குகளுக்கு, அது எந்த மாதம் தொடங்கப்பட்டது, முன்பு எத்தனை முறை பெயர் மாறியது என்ற செய்தி இருக்கவே இருக்கிறது. ஃபேஸ்புக் பக்கங்களிலும் அத்தகைய விவரம் உண்டு. ஆனால் மூன்று நான்கு இடங்களைத் தொட்டு உள்ளே சென்றவர்க்கே அது கிடைக்கும். சென்ற மாதம் வரை வேறு பெயரில் வேறு பொருள் விற்ற பக்கம் என்பதை விற்பனைப் படத்திற்கு அருகிலேயே, விலைக்கு மேலே, பெரிய எழுத்தில் காட்டச் செலவு ஒன்றும் அதிகமில்லை. செக்கிங் மேசைப் பெண் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான ஆடைகளைப் புரட்டி ஒட்டும் அந்தச் சிறு அம்பை, அவ்வளவு பெரிய நிறுவனங்கள் ஒரு கணக்கின்மேல் ஒட்டக் கூடாதா?